எசோதா படித்துக் காட்டிய நோட்டீஸ்

ஆடிக் காற்று எங்கள் ஊருக்குத் தனியாக வருவதில்லை. சயனைடு மேட்டுப் புழுதியையும் கூட்டிக்கொண்டுதான் வரும். பூமிக்கடியிலிருந்து வெட்டி எடுத்த கல்லை மாவாக அரைத்து, சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்துக்கொண்டு, மிச்ச மண்ணைக் கம்பெனி தலைமுறை தலைமுறையாகக் கொட்டி வைத்த மேடுகள் அவை. சுரங்கம் மூடிவிட்டது. கம்பெனி போய்விட்டது. மேடுகள் மட்டும் போகவில்லை. வருஷத்துக்கு ஒரு மாதம் வீடு வீடாக வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகின்றன.

நேற்று ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டேன். காலையில் பார்த்தால் மேஜை மேல் அரிசி மாவைச் சலித்துப் பரப்பினாற்போல் ஒரு படிவு. துடைக்கத்தான் போனேன், கையில் துணியும் இருந்தது. ஆனால் மற்றக் கையின் ஆள்காட்டி விரல் என்னைக் கேட்காமலே 'ட' என்று எழுதியது. அடுத்து 'ப'. அதற்கடுத்து 'ம'. எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எண்பதை நெருங்குகிறவன் செய்கிற வேலையா இது என்று யாராவது கேட்டிருப்பார்கள். நல்ல வேளை, வீட்டில் யாரும் இல்லை.

'அ' இருக்க 'ட' எதற்கு என்று உங்களுக்குத் தோன்றும். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு அப்படித்தான் சொன்னார்கள். 'அ' சுழித்து வளைந்து போகிற எழுத்து, பிஞ்சு விரலுக்குக் கஷ்டம். 'ட' என்றால் நிற்கிற கோடு ஒன்று, படுக்கிற கோடு ஒன்று, வேலை முடிந்தது. அதை எழுதப் பிள்ளைகளுக்குப் பலகை கூட வேண்டாம், மணல் போதும் என்றார்கள். நான் ஊரிகத்தில், இதே ஊர்ப் பள்ளிக்கூடத்தில், வேலைக்குச் சேர்ந்தபோது ஆற்று மணலுக்கு எங்கே போவது? பிள்ளைகளே வழி சொன்னார்கள். பால் டப்பாவில் சயனைடு மேட்டு மண்ணை அள்ளி வந்து வகுப்பில் கொட்டினார்கள். என்ன நைசான மண் தெரியுமா! விரல் பட்டால் வழுக்கிக்கொண்டு போகும். மழை பட்டால் பழைய தீப்பெட்டியைத் திறந்தாற்போல் ஒரு வாசனை வரும். அந்த மண்ணில் என்ன கலந்திருக்கிறது என்று நான் யோசிக்கவே இல்லை. இன்றைக்கு என்றால் என் மேல் கேஸ் போட்டிருப்பார்கள். அன்றைக்கோ, புது வாத்தியார் கெட்டிக்காரர் என்று ஹெட்மாஸ்டர் மெச்சினார்.

அந்த மெச்சுதலில்தான் எனக்குத் தலை கனத்தது. ஒல்லி உடம்பு, கஞ்சி போட்ட சட்டை, இரண்டு பேனா. ஒன்றுதான் எழுதும்.

எனக்குக் கொடுத்தது இரண்டாம் வகுப்பு. பிள்ளைகள் எல்லாம் சுரங்கத் தொழிலாளிகளின் பிள்ளைகள். தாத்தன் காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து வந்தவர்கள். கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் இருந்தார்கள். லைன் என்பார்கள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் மூங்கில் தட்டிதான் சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் நூறு வயசு என்பார்கள். லைனில் பகலில் யாரும் உரக்கப் பேசக் கூடாது. நைட் ஷிப்டு முடித்து வந்த ஆள் எந்த வீட்டிலாவது தூங்கிக்கொண்டிருப்பார். குழந்தை அழுதால்கூடத் தூக்கிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போய்விடுவார்கள். அப்படி அடக்கி வைத்த குரலை எல்லாம் பிள்ளைகள் சேர்த்துக்கொண்டு வந்து என் வகுப்பில் கொட்டினார்கள். ஒருத்தர் முன்னால் நின்று ஒரு வரி படிக்க, மற்ற எல்லாரும் அதைத் திருப்பிச் சொல்ல, கூரைத் தகரம் அதிரும். வராந்தாவில் நடக்கிற ஹெட்மாஸ்டர் உள்ளே எட்டிப் பார்க்கவே மாட்டார். அவர் கன்னடக்காரர், நல்ல மனிதர். சத்தம் கேட்டால் பாடம் நடக்கிறது என்று அர்த்தம் அவருக்கு. எனக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

அந்த முன்னால் நிற்கிற இடத்தில் நான் நிறுத்தியிருந்த பெண்தான் எசோதா.

பவுத்தக் குடும்பம். யசோதரை என்று பெயர் வைத்திருந்தார்கள், லைனில் அது எசோதா ஆகிவிட்டது. அப்பா முனுசாமி, பூமிக்கடியில் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. அம்மா இல்லை. பெண்ணுக்கு அப்போது ஏழு வயது இருக்கும். அவள் குரலை எப்படிச் சொல்ல? மணி, குயில் என்றெல்லாம் சொன்னால் பொய்யாகிவிடும். கொஞ்சம் கரகரப்பான, அகலமான குரல். வரியின் முடிவில் எங்கே நிறுத்த வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்று அதற்குத் தானாகத் தெரியும். காக்கா பாடத்தை அவள் படித்தால் காக்கா பறந்து வந்து ஜன்னலில் உட்கார்ந்துவிடும் போல இருக்கும். விரலை வரியின் கீழ் வைத்து நகர்த்திக்கொண்டே படிப்பாள். நான் மற்றப் பிள்ளைகளிடம், "எசோதாவைப் பாருங்க, அது மாதிரிப் படிக்கணும்" என்பேன். லைனில் அவளைப் 'படிக்கிற பொண்ணு' என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். முனுசாமி வழியில் என்னைப் பார்த்தால் சுரங்கத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். எனக்கு அது பிடித்திருந்தது.

ஒரு நாள் எசோதாவின் புத்தகத்தில் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. தின்ற வெல்லம் புத்தகத்தில் பட்டிருக்க வேண்டும். அவள் முன்னால் நின்று படிக்கிறாள், எல்லாரும் திருப்பிச் சொல்கிறார்கள். நான் தற்செயலாக அவள் பின்னால் போய் நின்றேன். அவள் வாயில் நிலா பாடம் ஓடுகிறது. விரல் போய்க்கொண்டிருப்பது சந்தைப் பாடத்தின் மேல். நிலா பாடம் அந்த ஒட்டிக்கொண்ட தாள்களுக்கு உள்ளே இருக்கிறது.

பிள்ளைகளை வெளியே விட்ட பிறகு அவளை மட்டும் கூப்பிட்டு, பக்கத்தின் நடுவில் ஒரு வார்த்தையைத் தொட்டு, இது என்ன என்று கேட்டேன். அவள் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். முதல் வரி வேண்டாம், இது மட்டும் என்றேன். என் முகத்தைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள், மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். அவளுக்கு அது ஏமாற்று இல்லை. படிப்பது என்றால் இதுதான் என்று நினைத்திருந்தாள். தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த வீட்டில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருத்தன், இரண்டாம் வகுப்பில் ஒரு தடவை பெயிலாகி, போன வருஷமும் முந்தின வருஷமும் அதே புத்தகத்தைச் சாயங்காலம் உரக்கப் படித்திருக்கிறான். அத்தனையும் காது வழியாக இவளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. ஒரு எழுத்துகூடக் கண் வழியாகப் போகவில்லை. மணலில் 'ட' எழுதுவாள், 'ப' எழுதுவாள். 'படம்' என்று எழுதிக் காட்டினால் அது அவளுக்கு மூன்று கோலம்.

சொல்லிக் கொடுக்க வேண்டியவன் நான். மறுநாளே ஆரம்பித்திருக்கலாம், சின்னப் பெண், ஆறு மாதம் போதும். ஆனால் அடுத்த வாரம் மற்றப் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் எல்லாம் வந்து என் வகுப்பைப் பார்ப்பதாக இருந்தது. வாசிப்பு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று நான் நடத்திக் காட்ட வேண்டும். நான் ஒட்டிய தாளைத் தண்ணீர் தொட்டுப் பிரித்தேன். பாட வரிசையை அவளுக்கு மறுபடி சொல்லிக் கொடுத்தேன், எந்தப் படம் வந்தால் எந்தப் பாடம் என்று. அன்றைக்கு அவள் படித்ததைக் கேட்டு ஒரு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹெட்மாஸ்டர் என் தோளைத் தட்டி, "சென்னாகித்து, ரொம்ப சென்னாகித்து" என்றார், நன்றாக இருந்தது என்று. நான் அடக்கமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் கண்ணாடியைத் திருப்பி வைக்கத் தோன்றுகிறது.

நோட்டீஸ் விஷயம் அதற்குக் கொஞ்ச நாள் கழித்து நடந்தது. நான் அங்கே இல்லை, பல வாய் வழியாக எனக்கு வந்தது.

லைனின் குழாயடியில் ஒரு கம்பம் உண்டு. கம்பெனி ஏதாவது தெரிவிக்க வேண்டுமென்றால் அதில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போவார்கள். இங்கிலீஷ், கன்னடம், தமிழ், தெலுங்கு எல்லாம் அதில் இருக்கும். படிக்கத் தெரிந்தவர் யாராவது நின்று உரக்கப் படிப்பார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். அன்று சனிக்கிழமை, அரை நாள் பள்ளிக்கூடம். குழாயடியில் பெண்கள் மட்டும்தான் இருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த எசோதாவைப் பிடித்து நிறுத்தி, "ஏ பட்ச்ச பொண்ணு, இத்த இன்னான்னு படிச்சு சொல்லு" என்று கேட்டிருக்கிறார்கள்.

அவள் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்றாளாம். விரலை வரியின் கீழ் வைத்தாளாம். அந்தக் குரலில் படித்தாளாம். நாளைக் காலை கம்பெனி டாக்டர் லைனுக்கு வருகிறார், பிள்ளைகளுக்கு அம்மை ஊசி, எல்லாப் பிள்ளைகளையும் குளிப்பாட்டிச் சுத்தமான துணி உடுத்தி வீட்டு வாசலையும் கழுவி வைத்திருக்க வேண்டியது, தவறுவோர் மேல் நடவடிக்கை எடுக்கப்படும், இப்படிக்கு என்று மேனேஜர் வரைக்கும். ஒரு வார்த்தை தடுமாறவில்லை. தடுமாறாது, ஏனென்றால் அது நிஜமான நோட்டீஸ்தான். இரண்டு மாதம் முன்பு அதே கம்பத்தில் ஒட்டியிருந்தது. யாரோ ஒரு கிளார்க் படித்தபோது இவள் நின்று கேட்டிருக்கிறாள். கம்பத்தில் தாள் இருந்தால் படிக்க வேண்டியது இது என்று அவள் நினைத்திருக்கிறாள்.

பெண்கள் வேலையில் இறங்கிவிட்டார்கள். தொட்டித் தண்ணீரை எல்லாம் அள்ளிப் பிள்ளைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள், பாவாடை சட்டையைத் துவைத்துக் காயப்போட்டார்கள், வாசலைக் கழுவினார்கள். சாயங்காலம் ஷிப்டு முடிந்து ஆட்கள் மேலே வந்தார்கள். உடம்பெல்லாம் சேறு. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. தாளில் உண்மையில் இருந்தது இதுதான்: பேத்தமங்கலம் ஏரியிலிருந்து வருகிற பைப்பு ரிப்பேர், சனி சாயங்காலம் முதல் திங்கள் வரை தண்ணீர் வராது, பிடித்து வைத்துக்கொள்ளவும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை லைனில் இருந்தவர்கள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பளபளவென்று குளித்துத் தலை வாரிய பிள்ளைகள் ஒரு பக்கம், சேற்றைச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அப்பன்கள் ஒரு பக்கம். பிறகு அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை முனுசாமி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். குளிக்காத உடம்பு. காது மடலில் சாம்பல் நிறச் சேறு காய்ந்திருந்தது. எசோதாவின் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நின்றார். தொப்பியைக் கழற்றினார். ஹெட்மாஸ்டர் தன் அறையிலிருந்து வெளியே வந்து, என்ன என்று கேட்டபடி பக்கத்தில் நின்றார்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எம்பொண்ணுக்குப் படிக்க வருமா, வராதா?"

அவர் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வராது அண்ணா, என் தப்பு, நான் சொல்லிக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஹெட்மாஸ்டர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா வருமே அண்ணா. நீங்களே கேட்டிருக்கீங்களே. சின்னப் பொண்ணு, ஏதோ விளையாட்டுக்குச் சொல்லியிருப்பா" என்றேன்.

முனுசாமி திரும்பி மகளைப் பார்த்தார். "வெளையாட்டுக்கா சொன்னே?"

எசோதா என்னைப் பார்த்தாள். நான் சொன்னது என்ன என்று அவளுக்குப் புரியவில்லை என்றுதான் நினைத்தேன். புரிந்திருந்தது என்று பிறகு தெரிந்தது.

முனுசாமி அவளை அடிக்கவில்லை, அவர் அடிக்கிற ஆள் இல்லை. அன்று சாயங்காலம் லைனில் வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி, "நான் பொய் சொன்னேன்" என்று சொல்ல வைத்தார். தட்டி வீடுகள்தானே. முதல் வாசலில் சொன்னதே எல்லா வீட்டுக்கும் கேட்டிருக்கும். ஆனாலும் எல்லா வாசலிலும் சொன்னாள்.

அதற்குப் பிறகு வகுப்பில் நான் அவளை முன்னால் கூப்பிட்டபோது வந்து நின்றாள். புத்தகத்தைத் திறந்தாள், உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மற்றப் பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள். நானும் காத்திருந்தேன். பிறகு வேறொரு பெண்ணைக் கூப்பிட்டேன்.

உங்களிடம் நான் சொல்லிக்கொள்ள முடிகிற ஒரே நல்ல விஷயம், அதற்குப் பிறகாவது நான் வாத்தியார் வேலையைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன் என்பது. ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, பக்கத்தின் அடியிலிருந்து மேலே படிக்கச் சொன்னேன். படத்தைக் கையால் மறைத்தேன். வகுப்பில் பாதிக்கு மேல் எசோதாக்கள்தான். கூட்டத்தோடு கத்தும்போது எந்தக் குரல் படிக்கிறது, எந்தக் குரல் பின்னாலேயே ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

புத்தகத்தை மூடி வைத்தேன். காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன்பே போர்டில் இரண்டு வரி எழுதி வைப்பேன். முந்தின நாள் ஊரில் நடந்தது ஏதாவது. ஊரிகம் ஸ்டேஷனில் ஒரு மாடு ரயிலை நிறுத்தியது. பாபுவின் பல் விழுந்தது, அதைக் காணோம். யாரும் மனப்பாடமாக வைத்திருக்க முடியாது, ஏனென்றால் உலகத்தில் யாரும் அதை அதற்கு முன் எழுதியதில்லை. எழுத்து எழுத்தாகக் கூட்டித்தான் ஆக வேண்டும். தங்கள் பெயர் வருகிறதா என்று பார்க்க, மணி அடிப்பதற்கு முன்பே பிள்ளைகள் ஓடி வர ஆரம்பித்தார்கள். வகுப்பில் சத்தம் குறைந்தது. ஹெட்மாஸ்டர் முதல் முறையாக உள்ளே எட்டிப் பார்த்தார், எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

எசோதாவைப் பள்ளிக்கூடம் விட்ட பிறகு கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டேன். அவள்தான் வாயைத் திறக்க மாட்டாளே, படிக்கிறாளா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? போர்டில் எழுதுவேன்: ஜன்னலைத் திற. அவள் வெகு நேரம் பார்ப்பாள். உதடு அசையும். பிறகு எழுந்து போய் ஜன்னலைத் திறப்பாள். வாளியை எடு. நாற்காலியில் உட்கார். என் நாற்காலியில் உட்காரச் சொல்லி எழுதியபோது, சரியாகத்தான் படித்தோமா என்று மறுபடி ஒரு தடவை கூட்டிப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அந்த அறையில் சாக்பீஸ் சத்தம் தவிர வேறு சத்தம் இருக்காது. தூரத்தில், ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற ஷாப்டு மேலே சக்கரம் சுற்றுவது கேட்கும்.

பிறகு ஒரு நாள் காலை போர்டில், ராமு வீட்டுக் கோழி சாரின் இட்லியைத் தின்றுவிட்டது என்று எழுதியிருந்தேன். நடந்த விஷயம்தான். பிள்ளைகள் எழுத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள், 'ரா', 'மு' என்று. பின்னால் யாரோ மூக்கால் சிரிக்கிற சத்தம் கேட்டது. எசோதா. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் கோழியிடம் போய்ச் சேர்ந்தது அவள்தான். என் வேலை நாட்களில் எனக்குக் கிடைத்த பெரிய பரிசு எது என்று கேட்டால் அந்தச் சிரிப்பைச் சொல்வேன்.

அன்று சாயங்காலம் போர்டில் எழுதினேன்: உனக்கு என் மேல் கோபமா?

அவள் எழுந்து வந்து என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கினாள். எட்டிய உயரத்தில், கோணல் மாணலாக, 'ஆமா' என்று எழுதினாள்.

நான் அதன் கீழே எழுதினேன்: அப்பாவிடம் உண்மையைச் சொல்கிறேன்.

அவள் படித்தாள். துணியை எடுத்து, என் வரி, அவள் வரி எல்லாவற்றையும் துடைத்தாள். பையை எடுத்துக்கொண்டு போனாள்.

நான் சொல்லவில்லை. அந்த வாரம் போகலாம் என்று இருந்தேன். அடுத்த வாரம் முனுசாமிக்கு நைட் ஷிப்டு, தூங்குகிறவரை எழுப்பக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு வேனில் லீவு. அவள் மூன்றாம் வகுப்புக்குப் போனாள், நாலாம் வகுப்புக்குப் போனாள். நன்றாகவே படித்தாள். உரக்கப் படிக்கச் சொன்னால் மட்டும் அடி வாங்கிக்கொண்டு நிற்பாள் என்று மற்ற ஆசிரியர்கள் சொல்வார்கள். பிடிவாதக்காரி என்பார்கள். நான் கேட்டுக்கொண்டு டீ குடிப்பேன். பத்தாவது பாஸ் பண்ணினாள். சாக்கு எதுவும் இல்லாதபோதும் நான் சொல்லாமலே இருந்தேன். ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருந்து பழகிவிட்டால் அது வீட்டில் ஒரு சாமான் மாதிரி ஆகிவிடுகிறது.

லைனில் சாயங்காலம் தமிழ்ப் பேப்பர் ஒன்று வரும். லைன் கோடியில் ஒருத்தர் உட்கார்ந்து தலைப்பு முதல் விளம்பரம் வரை உரக்கப் படிப்பார், சுற்றிலும் பீடியோடு ஆட்கள் கேட்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு நாள் முனுசாமியைப் பார்த்தேன். ரிடையர் ஆகிவிட்டிருந்தார், நெஞ்சில் கல் தூசி சேர்ந்து இளைப்பு வந்திருந்தது. நாலு அடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். இவ்வளவு தூரம் ஏன் வருகிறீர்கள், எசோதா வீட்டிலேயே படித்துக் காட்டுவாளே என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "அது சொந்தமா சேத்து படிக்கும் சார். நாளைக்கு டாக்டர் வர்றாருன்னும்" என்றார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. அன்பான சிரிப்புதான். மகளைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்துதான் இருந்தது.

நானும் சேர்ந்து சிரித்தேன். இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதிதான் சொன்னதாகும்.

அவர் படுத்த படுக்கையான பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்திருந்தார். தலைமாட்டில் சின்னதாக ஒரு புத்தர் படம். எசோதா எனக்கு முக்காலியை நகர்த்திப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். நான் அடுப்படிக்கும் கேட்கும்படியாகவே பேசினேன்.

"அண்ணா, அன்னைக்குக் குழாயடியில எசோதா பொய் சொல்லலை. அவளுக்கு அப்ப படிக்கவே வராது. எனக்கு அது தெரியும். சொல்லிக் கொடுக்காதது நான். உங்ககிட்ட மாத்திச் சொன்னதும் நான்."

முனுசாமிக்கு இருமல் வந்தது. அது அடங்க நேரம் ஆயிற்று. நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

"அன்னிக்கே எனக்கு ஒரு மாதிரியா தான் இருந்துது சார்" என்றார். "பொய் சொன்ன புள்ள மூஞ்சி அப்டி இருக்காது. ஆனா வாத்தியாரு சொல்றாரே, நாம இன்னாத்த கண்டோம்னு வுட்டுட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. என்னை நம்பியதற்காகத் தன்னையே நொந்துகொண்டார். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு எளிதாக இல்லை.

"எசோதா" என்று கூப்பிட்டார். "சார் இன்னா சொல்றாரு பாரு."

"கேட்டுதுப்பா." அடுப்படியிலிருந்து பதில் வந்தது. அவள் வரவில்லை.

"பேப்பர எடுத்துக்கினு வா. படி, கேப்போம்."

பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்க்கிற சத்தம் கேட்டது. பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பேப்பரை எடுத்துக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். முனுசாமி கண்ணை மூடிக்கொண்டார், கேட்கத் தயாராக. நானும் முக்காலியைக் கட்டில் பக்கம் நகர்த்திக்கொண்டேன். அந்தக் குரலை நான் கேட்டு ஒரு பெண் குழந்தை வளர்ந்து பெரியவளாகிற காலம் ஆகியிருந்தது.

அவள் உதடு அசைந்தது. விரல் வரியின் கீழ் நகர்ந்தது. சத்தம் வரவில்லை. ஒரு பத்தி முழுக்க அப்படியே படித்து முடித்துவிட்டுப் பேப்பரை மடியில் வைத்தாள்.

"வட ஆற்காட்டுல நல்ல மழையாம்பா. குடியாத்தம் பக்கம் ரோடெல்லாம் அத்துக்கினு பூட்ச்சாம்" என்றாள். சாதாரணப் பேச்சுக் குரலில்.

"எந்த ரோடு?"

மறுபடி உதடு அசைந்தது. "பேர்ணாம்பட்டு ரோடு."

முனுசாமி ஒரு கண்ணைத் திறந்தார். "சேத்து சொல்லலியே?"

"தோ, சார் குந்திக்கினு இருக்கார்ல. கேட்டுக்கோ" என்றாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

நான் எட்டிப் பேப்பரைப் பார்த்தேன். பார்க்க வேண்டிய தேவை இல்லை, ஆனாலும் பார்த்தேன்.

"சரியாத்தான் சொல்றா அண்ணா" என்றேன்.

முனுசாமி கண்ணை மறுபடி மூடிக்கொண்டார். "அப்பறம்?" என்றார் மகளிடம். அவள் அடுத்த பத்திக்குப் போனாள். நான் எழுந்து வந்தது இரண்டு பேருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் முனுசாமி போய்விட்டார். அதுவரை தினமும் எசோதா அவருக்குப் பேப்பரைச் சொன்னாளாம். அவர் லைன் கோடிக்குப் போவதைப் பற்றிப் பேசவே இல்லையாம். எசோதா கல்யாணமாகிப் பெங்களூர் போனாள், பேரன் பேத்தி எடுத்துவிட்டாள் என்று கேள்வி. லைனில் மூங்கில் தட்டிகளை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்துவிட்டார்கள். அடுத்த வீட்டுப் பாடம் இந்த வீட்டுக்குக் கேட்பதில்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பு பிள்ளைகள் இல்லாமல் நின்றுபோனது, வகுப்பறையில் யாரோ சிமெண்டு மூட்டை அடுக்கி வைத்திருக்கிறார்கள். கம்பெனி இல்லை, கம்பத்தில் ஒட்டுவதற்கு நோட்டீசும் இல்லை. விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களைப் பார்க்கிறேன். எல்லார் கையிலும் போன், எல்லாரும் படித்துக்கொண்டுதான் போகிறார்கள். அவரவர் வாய்க்குள்.

எசோதாவுக்குப் படிக்கத் தெரியாதபோது அவள் படித்ததை ஊரிகமே கேட்டிருக்கிறது. படிக்கத் தெரிந்த பிறகு அவள் குரலில் ஒரு வரிகூட யாரும் கேட்டதில்லை. முனுசாமி கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.